நோம்பிக்கு ஊருக்கு வர முடியாதவர்கள் கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் எங்கள் தென்னந்தோப்பு. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா; பஸ் போர்டு மலையாளத்தில் இருக்கும், வீட்டுப் பேச்சு தமிழ். 2008 முதல் 2021 வரை ஷார்ஜாவில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஸ்டோர் பார்த்தேன். அந்தப் பதின்மூன்று வருடத்தில் ஊரில் இருந்து கொண்டாடிய தீபாவளி இரண்டு, பொங்கல் மூன்று.

இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் போவதற்கு முன்னால் தோட்டத்துக்கு வந்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்கள். போன பிறகு ஆவணி பிறந்ததும் போன் வரும். ஓணத்தில் தொடங்கினால் தை முடியும்வரை நிற்காது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது. எங்கள் பக்கம் பண்டிகை என்று சொல்வதில்லை, நோம்பி என்பதுதான் பேச்சு. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நான் அறிந்தது வளைகுடா. பதிலும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

அண்ணா, தீவாளிக்கும் பொங்கலுக்கும் அங்கே லீவு விடுவாங்களா?

அமீரகத்தில் விடமாட்டார்கள். பொது விடுமுறை என்றால் இரண்டு பெருநாள், ஹிஜ்ரி ஆண்டுப் பிறப்பு, நபிகள் பிறந்த நாள், டிசம்பர் 2, 3 தேசிய தினம், ஜனவரி 1. நம் நோம்பிகள் எல்லாம் அங்கே வேலை நாள். ஊரில் பொங்கலுக்கு பாலக்காடு உட்பட ஆறு எல்லை மாவட்டங்களுக்குக் கேரள அரசு விடுமுறை விடுகிறதே, அது நினைவுக்கு வந்து முதல் வருடம் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கும்.

கேட்டு வாங்கலாம். முந்தின நாள் போய்க் கேட்டால் மட்டும் கிடைக்காது. என்னோடு மலப்புறத்துக்காரர் ஒருவர் வேலை செய்தார். பெருநாளுக்கு நம் கடை அரை நாள் திறக்கும், அன்றைக்கு நான் நிற்கிறேன், தீபாவளிக் காலையில் நீங்கள் நில்லுங்கள் என்று ரமலான் மாதமே அவரிடம் பேசிவிடுவேன். அவர் இருந்தவரை அந்தப் பேச்சு ஒரு வருடம்கூடத் தவறவில்லை. முதலாளியிடம் லீவு கேட்பதைவிட கூட வேலை செய்பவரிடம் நாள் மாற்றிக்கொள்வது எளிது.

நோம்பி அன்னைக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுதுங்க. எல்லோருக்கும் இப்படித்தானா?

எல்லோருக்கும்தான். எனக்கும்.

முதல் தீபாவளிக்கு என் அறையில் எட்டுப் பேர். மற்ற ஏழு பேரும் திருச்சூருக்குத் தெற்கே உள்ளவர்கள். தீபாவளி அவர்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. விடியற்காலை எழுந்து, யாரையும் எழுப்பாமல் விளக்குப் போடாமல், உச்சந்தலையில் மட்டும் நல்லெண்ணெய் தொட்டு வைத்துக் குளித்தேன். அம்மா கொடுத்தனுப்பிய கோடிச் சட்டையைப் போட்டு, அதன்மேல் கடை யூனிபார்மை மாட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு முழுக்க ஒருவரும் தீபாவளி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. சாயங்காலம் வந்து யூனிபார்மைக் கழற்றும்போது உள்ளே புதுச் சட்டையின் காலர் அழுக்காகியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். ஊரில் தீபாவளி அன்றைக்கு நான் சும்மா இருந்ததே இல்லை. தண்ணீர் காயவைக்க விறகு எடுத்துப் போடுவேன், அப்பாருக்கு முதுகு தேய்த்துவிடுவேன், பங்காளி வீடுகளுக்குப் பலகாரம் கொண்டு போவேன். நோம்பி என்பது எங்களுக்கு ஒரு நாள் வேலை. ஷார்ஜாவில் அந்த வேலை இல்லாமல் நாள் மட்டும் வந்து நின்றது. கையில் வேலை இல்லாமல் ஊர் நினைப்போடு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் வலிக்கும்.

அடுத்த வருடத்திலிருந்து இரண்டு காரியம் கட்டாயம் என்று வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு வழக்கத்தில் ஏதாவது ஒன்றைக் குறைவில்லாமல் செய்வது. அதை இன்னொருவருக்குக் கொடுப்பது. எல்லாவற்றையும் செய்யப் பார்க்க வேண்டாம், முடியாது. ஒன்று போதும். தீபாவளிக்கு நான் உளுந்து வடை சுடுவேன், அறையில் எல்லோருக்கும் இரண்டிரண்டு. பிறகு வந்த தீபாவளிகளில் முந்தின நாளே அவர்கள் கேட்கத் தொடங்கினார்கள்: “நாளெ அல்லே வட?”

பட்டாசு?

கூடாது. உரிமம் இல்லாமல் வெடிப்பதும் வைத்திருப்பதும் அங்கே குற்றம். விமானத்திலும் ஏற்ற முடியாது. மத்தாப்புப் பெட்டிகூட வேண்டாம்.

போகி அன்னைக்குக் காப்புக் கட்டறதுக்கு அங்கே என்ன பண்றதுங்க?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மார்கழிக் கடைசி நாள் சாயங்காலம் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு வாசல் நிலைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் கிணற்று மேட்டுக்கும் செருகுவதுதான் எங்களுக்குப் பொங்கலின் தொடக்கம். மற்ற ஊர்த் தமிழர்களிடம் இதைச் சொன்னால் பலருக்குத் தெரியாது; கொங்கு நாட்டு வழக்கம், எல்லை தாண்டி எங்களிடமும் இருக்கிறது.

வேப்பிலைக்குக் கவலை இல்லை. அமீரகம் முழுக்க வேம்பு வைத்து வளர்த்திருக்கிறார்கள். ஆனால் சாலையோர நகராட்சி மரத்தில் கை வைக்காதீர்கள், அபராதம் போடுவார்கள். எங்கள் கடை முதலாளி குடியிருந்த வீட்டு வளாகத்தில் ஒரு வேம்பு நின்றது, அவரிடம் கேட்டு ஒரு கொத்து ஒடித்துக்கொள்வேன்.

ஆவாரம்பூ எனக்குக் கிடைத்ததே இல்லை. பூளைப்பூவும் கிடைக்காது என்றுதான் நான்கு வருடம் நினைத்திருந்தேன். 2013 ஜனவரியில் ஒரு நாள் தைத் பக்கம் பைப் சாமான் இறக்கப் போனோம். பிக்கப் ஓட்டியவர் பாகிஸ்தானில் தேரா இஸ்மாயில் கான் பக்கத்துக்காரர். நகரம் தாண்டி மணல் தொடங்கும் இடத்தில், ரோட்டோரமாக வெள்ளை வெள்ளையாகப் பஞ்சுக் கதிர்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனேன். சாம்பல் பூத்த இலை, தண்டு நுனியில் வெண்பஞ்சாகக் கதிர். எங்கள் வாய்க்கால் மேட்டுப் பூளை முழங்கால் உயரம்கூட வராது. இது இடுப்புக்கு வந்தது. ஆனால் விரலில் கிள்ளித் தேய்த்தால் அதே மொரமொரப்பு, அதே வாசமில்லாத வாசம். பூளையில் பெரிய சாதி அது. பெரும்பூளை என்று நம் ஊரிலும் உண்டு, வறண்ட மணல் நிலத்தில் வளர்வது. டிரைவர் கீழே இறங்கி வந்து, எங்கள் ஊரில் இதைத் தலையணைக்குள் அடைப்போம், உங்களுக்கு எதற்கு என்றார். வாசலில் கட்ட என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து நீட்டினார்.

அன்றைக்கு இரவு கடை மூடிய பிறகு பூளையும் வேப்பிலையும் மட்டும் வைத்துக் காப்புக் கட்டினேன். அறைக் கதவில் ஒன்று, ஸ்டோர் ஷட்டரில் ஒன்று. காலையில் முதலாளி பார்த்துவிட்டு என்ன இது என்றார். சொன்னேன். சரி, இருக்கட்டும் என்றார். தை முடியும்வரை அது அங்கேயே காய்ந்து தொங்கியது.

நீங்களும் தேடிப் பாருங்கள், குளிர்காலத்தில் கண்ணில் படும். பாதுகாக்கப்பட்ட பகுதி என்று பலகை இருந்தால் செடியைத் தொடாதீர்கள். மற்ற இடத்திலும் இரண்டு கதிர் போதும்.

பெட் ஸ்பேஸில் (பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில்) இருக்கிறேன். பொங்கல் வைக்க முடியுமா?

முடியும், நேரம் பார்த்து. பொது அடுப்படியில் காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை டூட்டிக்குப் போகிறவர்களின் நெருக்கடி இருக்கும். அந்த நேரத்தில் பானையோடு போய் நிற்காதீர்கள். ஒன்று நாலரைக்கு வையுங்கள், இல்லாவிட்டால் ஏழுக்கு மேல். ஜனவரி நடுவில் ஷார்ஜாவில் சூரியன் உதிப்பதே ஏழு மணிக்கு மேல்தான். ஊர் நேரத்துக்கு எட்டரை தாண்டிவிடும், அதற்குள் உங்கள் வீட்டில் பொங்கல் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். பஞ்சாங்கத்தில் போட்ட நேரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு இருட்டில் நிற்க வேண்டாம். அந்த ஊர்ச் சூரியனுக்குத்தான் படைக்கிறீர்கள்.

ஊரிலிருந்து பித்தளைப் பானை கொண்டு போகாதீர்கள். அடி உருண்டையாக இருந்தால் மின்சார அடுப்பில் உட்காராது. இண்டக்‌ஷன் அடுப்பு பித்தளையைச் சூடாக்கவே ஆக்காது. அடி தட்டையான எவர்சில்வர் பாத்திரம் போதும், கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டினால் அதுவே பொங்கப்பானை. வாயகலம் குறைவாக எடுத்து, முக்காலுக்கு மேல் பாலும் தண்ணீரும் நிரப்புங்கள்.

ஒரு விஷயம் கவனம். மின்சாரச் சுருள்மேல் பால் வழிந்தால் தீய்ந்து புகை வரும், பல கட்டடங்களில் மேலே புகை அலாரம் இருக்கும். நுரை விளிம்புக்கு வந்ததும் பாத்திரத்தைத் தூக்கிப் பக்கத்தில் தாம்பாளத்தில் வைத்துவிடுங்கள், மிச்சம் அங்கே வழியட்டும். ஒரு கரண்டிப் பால் வழிந்தால் போதும். எந்தப் பக்கம் வழிந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அம்மா கட்டாயம் கேட்பார்.

அடுப்பைத் துடைத்து வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த வருடமும் அங்கேதான் வைக்க வேண்டும்.

வீட்டுக்குப் போன் எப்போ பண்றது நல்லதுங்க?

அமீரகம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம். வீட்டில் தீபாவளிக்கு நான்கு மணிக்கு எண்ணெய் தேய்க்கும்போது உங்களுக்கு இரண்டரை, நல்ல தூக்கத்தில் இருப்பீர்கள். அவர்கள் ஓய்ந்து உட்காரும் நேரத்தில் நீங்கள் கடையில்.

அதனால் நோம்பி அன்றைக்கு நீளமாகப் பேச வேண்டாம் என்பது என் எண்ணம். முந்தின நாள் இரவு பேசுங்கள். ஊரில் எட்டரை, உங்களுக்கு ஏழு. அப்போதுதான் அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருப்பார், அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பாள், பேச்சும் இயல்பாக வரும். நோம்பி அன்றைக்கு எல்லோரும் போனைக் கை மாற்றிக் கை மாற்றி ‘சாப்பிட்டயா, நல்லா இருக்கயா’ என்று கேட்டு வைத்துவிடுவார்கள். பத்துப் பேரோடு பேசியும் ஒருவரோடும் பேசாத மாதிரி இருக்கும்.

இன்னொன்று. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரல் பதிவு அனுப்பலாம். பேசவும் வீடியோவில் பார்க்கவும் முடியாது, அடைத்து வைத்திருக்கிறார்கள். போட்டிம் மாதிரி அனுமதி உள்ள செயலியை வீட்டிலும் போட்டுக் கொடுத்து, அம்மாவை இரண்டு முறை எடுக்கவைத்துப் பழக்கிவிட்டு விமானம் ஏறுங்கள். நோம்பி அன்றைக்குப் போனில் சொல்லிக்கொடுத்தால் இரண்டு பக்கமும் கோபம்தான் வரும்.

பையன் இந்தத் தீவாளிக்கு வரலைங்க. நான் ஒண்ணும் செய்யற மாதிரி இல்லை. வெறுமனே இருந்துட்டா என்னங்க தம்பி?

இதைக் கேட்டது எருத்தேன்பதிப் பக்கத்து அக்கா ஒருவர். அவர் மகன் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது.

செய்யுங்கள் அக்கா. கொஞ்சமாகவாவது செய்யுங்கள். நீங்கள் அடுப்பு மூட்டவில்லை என்று தெரிந்தால் அங்கே அவன் சாப்பிடமாட்டான். அவன் நோம்பி வீட்டை நினைத்துக்கொண்டுதான் அங்கே நாளைத் தள்ளுகிறான். “நீ இல்லாம என்ன தீவாளி கண்ணு” என்ற வார்த்தையை மட்டும் போனில் சொல்லிவிடாதீர்கள். பாசத்தில்தான் வருகிறது, ஆனால் அதைக் கேட்டபின் கடையில் போய் நிற்க முடியாது. எனக்குத் தெரியும்.

அதற்குப் பதில் அவனிடம் வேலை சொல்லுங்கள். யார் யாருக்குத் துணி எடுக்கலாம், எந்த மாட்டுக்குப் புதுக் கயிறு, தங்கச்சி மாப்பிள்ளைக்கு என்ன சீர் என்று அவனைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வீட்டுக் காரியத்தில் ஒரு கை தனக்கும் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் அம்மா ஒரு வருடம் இப்படிச் செய்தார். மாட்டுப் பொங்கல் சாயங்காலம் பட்டியில் பொங்கல் வைத்து, சாணத்தில் சின்னத் தெப்பக்குளம் கட்டி, மாட்டை அதில் மிதிக்கவிட்டு ஓட்டுவோம். என்னை அழைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனைக் கொட்டகைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வீடியோ கிடையாது, சத்தம் மட்டும். அப்பா தட்டத்தைத் தட்டுவது, “பட்டி பெருக, பால் பானை பொங்க” என்று சுற்றி வருவது, மயிலைக்காளை செருமுவது, என் அக்காள் மகன் பயந்து கத்துவது. இருபது நிமிடம். ஸ்டோரில் பெயிண்ட் டின்களுக்கு நடுவில் நின்று கேட்டேன். முகத்தைப் பார்த்துப் பேசிய எந்த அழைப்பும் அப்படி இருந்ததில்லை. முடிந்தால் இதையே செய்து பாருங்கள் அக்கா.

பலகாரம் கொடுத்தனுப்பலாமா? எதை அனுப்பக் கூடாது?

முதலில் கூடாததைச் சொல்கிறேன், இதில் விளையாட்டு வேண்டாம். கசகசா. அமீரகத்திலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் சட்டத்தில் மாட்டும். நம் வீட்டில் அதிரசத்தின் மேல் கசகசா தூவுவார்கள், சோமாசிப் பூரணத்தில் வறுத்துப் போடுவார்கள், குருமாப் பொடியில் அரைத்துச் சேர்ப்பார்கள். செய்பவருக்கு அது ஒரு சிட்டிகை, சுங்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு ஜெயில். அதிரசத்துக்கு எள் தூவச் சொல்லுங்கள். பொடி வகையைக் கொடுப்பவர் யாராக இருந்தாலும், அடுத்த வீட்டு அத்தையாக இருந்தாலும், கசகசா போட்டீர்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மற்றவர் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். பிரித்துப் பார்ப்பதில் கோபித்துக்கொள்கிறவர் கோபித்துக்கொள்ளட்டும்.

நாம் தென்னந்தோப்புக்காரர்கள், கொப்பரை நான்கு போட்டு அனுப்பலாம் என்று தோன்றும். வேண்டாம். எண்ணெய்ப் பசையால் எளிதில் தீப்பிடிக்கும் என்று விமானத்துக்கு ஆகாத பொருளில் வைத்திருக்கிறார்கள். நெய், ஊறுகாய் எல்லாம் கைப்பையில் வைத்தால் பிடுங்கிவிடுவார்கள், பெரிய பெட்டியில் போடுங்கள்.

அனுப்ப நல்லது முறுக்கு, தட்டுவடை, நேந்திரங்காய் வறுவல், பொரிவிளங்காய் உருண்டை. கடலை எண்ணெயில் சுட்டதைவிட தேங்காய் எண்ணெயில் சுட்டது எனக்கு அதிக நாள் தாங்கியது. தேங்காய் சேர்த்த எதுவும் வேண்டாம், போய்ச் சேர்வதற்குள் ஊசிவிடும். ஒரே டப்பாவில் அடைக்காமல் சின்னச் சின்னதாகக் கட்டுங்கள். அறையில் பிரித்தால் ஒரே நாளில் தீர்ந்துவிடும், தீரத்தான் வேண்டும். இரண்டு பொட்டலம் மட்டும் பிறகு பிரிக்க இருக்கட்டும்.

நம்மள மலையாளிங்க தமிழன்னு சொல்றாங்க, தமிழருங்க மலையாளின்னு சொல்றாங்க. ஓணத்துக்குப் போறதா, பொங்கலுக்குப் போறதா?

இரண்டுக்கும் போங்கள்.

இது எல்லைக்காரனின் பழைய வருத்தம், எனக்கும் இருந்தது. கேரள சமாஜத்து ஓணத்தில் என் மலையாளத்தைக் கேட்டு ‘எவிடெயா?’ என்பார்கள். பாலக்காடு என்றால் ‘ஓ, அதான்’ என்பார்கள். தமிழ் அமைப்பின் பொங்கல் விழாவில் பாஸ்போர்ட்டில் கேரளம் என்று பார்த்தவர் ‘அப்ப நீங்க மலையாளியா’ என்பார். இரண்டு பக்கமும் வேற்றாள் மாதிரி நின்றேன்.

பிறகு எனக்குப் பட்டது வேறு. நாம் பள்ளிக்கூடத்தில் ஓணப் பரீட்சை எழுதிப் பத்து நாள் லீவில் பூக்களம் போட்டவர்கள். வீட்டில் பொங்கலுக்குக் காப்புக் கட்டியவர்கள். விஷுவும் சித்திரைக் கனியும் எங்கள் வீட்டில் ஒரே தட்டம்தான். ஓணம் எனக்கு விருந்தாளியாகப் போகும் இடமில்லை. அறையில் ஓணச் சத்யைக்கு ஆளுக்கொரு கூட்டான் என்று பிரித்தபோது இஞ்சிப்புளி நான் செய்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன். ஆத்தாவிடம் போனில் கேட்டுச் செய்தது, கொஞ்சம் கொங்குக் காரத்தோடு. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஓணத்துக்கும் அது என் பொறுப்பு ஆனது. போய் உட்காருவதற்கும் ஒரு பாத்திரத்தோடு போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

வளைகுடாவில் ஓணம் திருவோணத்தோடு முடியாது. ஒவ்வொரு சங்கமும் மண்டபம் கிடைக்கும் வார விடுமுறையில் வைக்கும். ஐப்பசி, கார்த்திகை வரை இழுக்கும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்குத் தமிழ்ப் பூசை கிடைக்குமா?

துபாயில் ஊத் மேத்தாவில் உள்ள புனித மரியன்னை ஆலயத்தில் தமிழ்ப் பூசை உண்டு. நம் சுல்தான்பேட்டை மறைமாவட்டத்திலிருந்து, அதாவது 2013-ல் பாலக்காட்டுத் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று அமைந்த மறைமாவட்டத்திலிருந்து, போனவர்கள் பலர் அங்கேதான் ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள். 24 இரவு கூட்டம் நெரியும், காரில் போகாதீர்கள். பச்சை லைன் மெட்ரோவில் ஊத் மேத்தா ஸ்டேஷன் இருக்கிறது. என் நண்பன் ஒருவனோடு இரண்டு வருடம் போயிருக்கிறேன். வெளியே முற்றத்தில் பிலிப்பைன்ஸ்காரர்கள், கோவாக்காரர்கள், நம் ஆட்கள் எல்லோரும் பிளாஸ்டிக் டப்பாவில் கேக் மாற்றிக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

லீவு கிடைத்தால் எந்த நோம்பிக்கு வருவது நல்லது?

அமீரகச் சட்டப்படி ஒரு வருடம் முடித்தால் ஆண்டுக்கு 30 நாள் லீவு. அதை எங்கே வைப்பது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. தீபாவளிக்கு வராதீர்கள், ஊர் மாரியம்மன் நோம்பிக்கு வாருங்கள்.

தீபாவளி அவரவர் வீட்டுக்குள் ஒரு காலையில் முடிந்துவிடும். மாரியம்மனுக்குப் பூச்சாட்டி நோம்பி தொடங்கினால் ஊர் மொத்தமும் ஒரு வாரம், பத்து நாள் கோயில் வாசலில்தான். கம்பம் நட்டதும் ராத்திரி ராத்திரி ஆட்டம், பொண்ணு கட்டிக் கொடுத்தவர்களெல்லாம் வந்திருப்பார்கள். வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டியவர்களை ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். சாட்டும் நாளைக் கோயிலில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் விலையும் பாருங்கள். பள்ளி விடுமுறையான ஜூலை, ஆகஸ்ட், பிறகு டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம், இவை ஏறி நிற்கும் காலம். பெருநாளை ஒட்டியும் ஏறும். பெருநாள் ஆண்டுக்குப் பத்து, பதினோரு நாள் முன்னே நகர்வதால் ஒவ்வொரு வருடமும் காலண்டரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நமக்குக் கிட்டம் கோவை பீளமேடு. நெடும்பாசேரி நூறு கிலோமீட்டருக்கு மேல், ஆனால் விமானம் அதிகம், விலையும் பல நேரம் குறைவு. இரண்டையும் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நோம்பிக்குப் பணம் அனுப்ப ரேட் ஏறும்வரை காத்திருக்கலாமா?

வேண்டாம். திர்ஹம் டாலரோடு கட்டிப் போட்டது, 1 டாலருக்கு 3.6725 திர்ஹம். டாலருக்கு எதிரே ரூபாய் நகர்ந்தால்தான் திர்ஹம் ரேட் நகரும். தீபாவளிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு திர்ஹத்துக்குப் பத்துப் பைசா ஏறினால் ஆயிரம் திர்ஹத்துக்கு நூறு ரூபாய்தான் கூடும். அதற்காகக் காத்திருந்து, நோம்பி வாரத்தில் பாங்கு லீவில் மாட்டிக்கொண்டு, அம்மா ஜவுளிக்கடையில் கடன் சொல்லும்படி செய்யாதீர்கள். புரட்டாசிக் கடைசியிலேயே அனுப்பிவிடுங்கள்.

சிங்கப்பூர், லண்டன் போறவங்களுக்கு?

நான் இருந்ததில்லை, போனவர்கள் சொன்னதில் இரண்டு. சிங்கப்பூரில் தீபாவளி பொது விடுமுறை, தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. தேக்கா பக்கம் போனால் வாழையிலை முதல் கரும்பு வரை கிடைக்கும். பொங்கலுக்கு மட்டும் லீவு இல்லை. லண்டனில் டிசம்பர் 25 அன்று ரயில், பஸ், டியூப் எதுவும் ஓடாது. நம் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கு அன்றைக்கு டூட்டி விழும். போக வர வண்டிக்கு முன்னாலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

நோம்பி முடிஞ்சும் மனசு தேறலைன்னா?

இரண்டு நாள் ஒரு மாதிரி இருப்பது எல்லோருக்கும் உண்டு. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்றால் அது வெறும் ஊர் நினைப்பு இல்லை. டாக்டரிடம் போக வேண்டும். அமீரகத்தில் இந்தியத் தூதரக உதவி மையத்துக்கு 800 46342 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். சம்பளம் வராமல், பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ஊருக்கு விடாமல் இருந்தாலும் இதே எண்தான். எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடித்து மறக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஷார்ஜாவில் மது முழுக்கத் தடை. எங்களுக்குத் தெரிந்த பையன் ஒருவன் பொங்கல் இரவில் பிடிபட்டு, அவனை வெளியே எடுக்க நாங்கள் பட்ட பாடு பெரிது. அவன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

அறையில் புதிதாக வந்த பையன் நோம்பி அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் விட்டுவிடாதீர்கள். எழுப்பி வெங்காயம் உரிக்கச் சொல்லுங்கள்.

நோர்க்கா அட்டை நமக்குக் கிடைக்குமா, தமிழ்நாட்டு வாரியமா?

பேசும் மொழியைப் பார்க்கமாட்டார்கள். நம் முகவரி கேரளம் என்பதால், வெளிநாட்டில் இருக்கும் கேரளத்துக்காரர்களுக்கான கேரள அரசு அமைப்பான நோர்க்காதான். போய் ஆறு மாதம் ஆனதும் விண்ணப்பித்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு அங்கத்து நாளெல்லாம் நினைவு வருமாங்க?

வருகிறது. நான் எதிர்பார்க்கவில்லை. ரமலான் மாதம் சாயங்காலம் ஆறரை ஆனால் கை தானாகப் பேரீச்சம்பழத்தைத் தேடுகிறது. ஷார்ஜாவில் அந்த நேரத்தில் பள்ளிவாசல் முன்னால் நீளமாக விரிப்பு விரித்து, யார் எவர் என்று கேட்காமல் உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். தனியாக இருந்த முதல் வருடத்தில் பல நாள் என் இரவுச் சாப்பாடு அதுதான்.

தேரா இஸ்மாயில் கான்காரர் இன்னும் அங்கேதான் வண்டி ஓட்டுகிறார். பெருநாள் காலை தொழுகை முடிந்து அவர் அறைக்குத் திரும்பும் நேரம் பார்த்து அழைப்பேன். அங்கே ஏழு, இங்கே எட்டரை. அவருக்கு என் ஹிந்தி பாதிதான் புரியும். மார்கழிக் கடைசியில் அவரிடமிருந்து ஒரு படம் வரும், எழுத்து எதுவும் இருக்காது: ரோட்டோர மணல், அதில் பூளை.